வார்மர் அறைக்கு வெளியே

ஜூன் 9

பையன் பிறந்துவிட்டான். 1,180 கிராம். 30 வாரத்திலேயே. சூடாக வைக்கும் வார்மரில் படுத்திருக்கிறான். சரி.

ஜூன் 10

"உசிரு எதனால போகும்?" என்று டாக்டரிடம் கேட்டே விட்டேன். அவர் மழுப்பவில்லை. குறைமாதம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித் தொற்று, பிறவிக் குறை. முதல் 28 நாளில் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் இவற்றால்தான் போகிறார்கள். அதிலும் முக்கால்வாசி முதல் வாரத்திலேயே.

முதல் வாரம் என்றால் ஞாயிறு வரை.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாச்சு. குறுவைக்கு விதை எவ்வளவு எடுக்கட்டும் என்று தம்பி கேட்கிறான். நீயே பார்த்துக்கோடா.

மறுபடி மூச்சை நிறுத்தினான். மானிட்டர் கத்துகிறது, நர்ஸ் அக்கா நிதானமாக வந்து உள்ளங்காலைச் சுண்டினார். கால் உதறியது, மூச்சு வந்தது. மூச்சு விடச் சொல்லும் மூளைப்பகுதி இன்னும் முதிரவில்லையாம். அதற்கு மருந்து காஃபீன். கும்பகோணத்துப் பிள்ளை, பிறந்ததுமே காப்பி கேட்கிறான்.

ஜூன் 13

அப்பாயி போனில். தொப்புளுக்கு மஞ்சள் வச்சாங்களா? எதுவும் வைக்கக் கூடாது, தானாகக் காயணும் என்றேன்.

அப்புறம் அவளாகவே ஆரம்பித்தாள். அப்பாவுக்கு முன்னால் பிறந்து போனவர்கள் இரண்டு பேர். இரண்டுமே நல்ல கனமாம். நாலைந்து நாள் நன்றாகப் பால் குடித்து, அப்புறம் வாயே திறக்கவில்லை. தொட்டால் உடம்பு வில்லாக வளைந்ததாம். ஊரில் மாந்தம் என்றார்கள். மாசமாக இருந்தபோது பலாச்சுளை தின்றதுதான் காரணம் என்று மாமியார் சொன்னதை இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கொடியை எதால் அறுத்தார்கள் என்று கேட்டேன்.

"கருக்கருவாதான். அறுப்பு நேரம்டா, வேற என்ன கெடக்கும்?" மேலே சாணிச் சாம்பல்.

ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். தாய்க்குத் தடுப்பூசியும் ஒரு புது பிளேடும் இருந்திருந்தால் போதும். பச்சிளங்குழந்தை ரணஜன்னி இந்தியாவில் ஒழிந்தது என்று 2015இல்தான் அறிவித்தார்கள்.

ஜூன் 14

தூக்கமில்லை. பலாச்சுளை.

ஜூன் 15

அப்பாயியிடம் சொல்லிவிட்டேன். நீ தின்றதால் இல்லை, அரிவாளிலும் சாம்பலிலும் இருந்த கிருமி என்று. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அவள ஒண்ணும் சொல்லாத. ஒங்கப்பனையும் அவதான் எடுத்தா" என்றாள். மருத்துவச்சியைத்தான். நான் யாரையும் சொல்லவில்லையே.

ஜூன் 16

ஞாயிறு தாண்டியாச்சு. குழாயில் தாய்ப்பால் ஏற்றினார்கள், குடலுக்கு அதுதான் காவலாம். மதியம் வயிறு உப்பலாக இருக்கிறது என்று பாலை நிறுத்திவிட்டு எக்ஸ்ரேக்கு எழுதினார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் ஏழு மணிக்கு.