ஏழு சிப்பாய்களோடு ஓர் இரவு: தலவாக்கலைப் பயணம்

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு எட்டரை மணிக்குப் பதுளை நோக்கிப் புறப்படும் அஞ்சல் புகையிரதத்தில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்குவதற்கே ஆயத்தமாக வருவார்கள். 2024 ஒக்டோபரில் அதே வண்டியில் ஏறிய நான் உறங்கிவிடக் கூடாது என்ற கவலையோடு இருந்தேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அந்நாட்டின் தேசியச் சதுரங்கப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பேர், பதினொரு சுற்று. அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிடப் பத்தரை மணித்தியாலம் பிந்தியது என்பதால், அங்கே மதிய உணவுக்குப் பின் தொடங்கும் ஆட்டம் இங்கே நள்ளிரவை ஒட்டித்தான் கைபேசித் திரைக்கு வரும்.

பேராதனையைக் கடந்த பிறகு முதல் நகர்வுகள் வரத் தொடங்கின. நாவலப்பிட்டி வரை நன்றாகவே போயிற்று. அங்கிருந்து வண்டி மூச்சு வாங்கி ஏறத் தொடங்கியதும் வலையமைப்பும் மூச்சுவிடத் திணறியது. கல்பொடைக்கும் வட்டவளைக்கும் இடையில் பலகை அப்படியே உறைந்து நின்றது. வெளியே மழை, உள்ளே ஒரு குழந்தையின் இருமல். வேறு வழியின்றி, உறைந்து நின்ற அந்த நிலையையே பார்த்துக்கொண்டு அமெரிக்க ஆட்டக்காரர் கருவானா அடுத்து என்ன ஆடுவார் என்று நானாக எண்ணத் தொடங்கினேன். ஹற்றனில் இணைப்பு மீண்டபோது ஆறு நகர்வுகள் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. நான் எண்ணியவற்றில் ஒன்றுதான் சரி. ஆனாலும் அன்றிரவு நான் உண்மையிலேயே சதுரங்கம் பார்த்தது அந்த அரை மணித்தியாலம் மட்டுமே என்று தோன்றியது. மற்ற நேரமெல்லாம், யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி கணித்துக் காட்ட, பலகைக்குப் பக்கத்தில் ஏறி இறங்கும் மதிப்பீட்டுப் பட்டையைத்தான் பார்த்திருந்தேன். கொட்டகலைக்கு முன்னால் வரும் சிங்கமலைச் சுரங்கத்தில் இணைப்பு மறுபடி அறுந்தபோது எனக்கு வருத்தமாக இல்லை.

தலவாக்கலையில் இறங்கியபோது மணி இரண்டரையைத் தாண்டியிருந்தது. நண்பர் குடையோடு காத்திருந்தார். தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கும் அவர், மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சதுரங்கமும் சொல்லிக்கொடுக்கிறார். மறுநாள் பகலில் சென்.கிளயார் நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பின்னர் அதில் இறங்கும் நீரின் அளவைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நிறைய மனக்குறை உண்டு. அதை இன்னொரு முறை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது அன்றைய இரவைப் பற்றி.

நண்பரின் மாணவன் ஒருவனின் லயத்து வீட்டு முன்னறையில் நாங்கள் ஐந்து பேர் கூடினோம். நண்பர், நான், பையன்கள் இருவர், ஓய்வு பெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவர். கிளாக்கரய்யாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்து அமர்ந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி, "தம்பி, பட்டையை மறைச்சாச்சா?" என்பதுதான். பையன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். திரையின் இடது ஓரத்தில், மதிப்பீட்டுப் பட்டை தெரியும் இடத்தை மட்டும் மறைக்கும்படி, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடா ஒரு விரல் அகலத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. பல இரவுகள் ஒட்டி உரித்ததில் அதன் விளிம்பில் தூசியும் நூலும் படிந்திருந்தன. இணைப்பு கிடைக்கும் ஒரே இடமான சன்னல் கம்பியில் கைபேசியைச் சாய்த்து வைத்து, ஒரு பையன் நகர்வுகளை வாசிக்க, மற்றவன் மேசையிலிருந்த பிளாஸ்டிக் பலகையில் காய்களை நகர்த்தினான். ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னர் எல்லோரும் தம் ஊகத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவருக்குத் தகர மூடியிலிருந்து ஒரு புளியங்கொட்டை.

காய்களின் பெயரிலேயே முதல் வழக்கு எழுந்தது. நான் யானை என்றதைக் கிளாக்கரய்யா கோட்டை என்றார், பையன்கள் ரூக் என்றார்கள். இரவு முழுவதும் மூன்று பெயரும் புழங்கின.

நகர்வு வராமல் நெடுநேரம் கழியும்போது, ஆடுகிறவர் யோசிக்கிறாரா, நம் இணைப்புப் போய்விட்டதா என்று சொல்ல முடியாது. 2022 செப்டெம்பரில் அதே நகரில் நடந்த சின்க்ஃபீல்ட் கிண்ணப் போட்டியில், மூன்றாம் சுற்றில் ஹான்ஸ் நீமனிடம் தோற்ற அப்போதைய உலக வாகையர் மக்னஸ் கார்ல்சன் விலகிக்கொண்டு, மோசடி ஐயம் கிளம்பிய பின்னர், வெளியிலிருந்து யாரும் உதவி அனுப்ப முடியாதபடி நேரலையைப் பதினைந்து நிமிடம் பிந்தி ஒளிபரப்பினார்கள். நண்பர் இதைச் சொன்னதும், "ஒளிச்சு வச்சா என்ன, நமக்கு எப்பவும் பிந்தித்தானே வருது" என்றான் பையன்.

அப்படியொரு நீண்ட காத்திருப்பின் இடையில்தான் கிளாக்கரய்யா, காய்களை இன்னொரு பலகையில் அடுக்கி, 1963 டிசம்பரில் நியூயோர்க்கில் நடந்த ஆட்டத்தைக் காட்டினார். அதுவும் அமெரிக்கத் தேசியப் போட்டிதான். இருபது வயது பொபி ஃபிஷர் பதினொரு ஆட்டங்களையும் வென்ற ஆண்டு. ஒரு சமநிலைகூட இல்லை. வெள்ளைக்கு ரொபர்ட் பேர்ன், கறுப்புக்கு ஃபிஷர். ஃபிஷர் குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை வெளியே இழுத்தார். அடுத்துக் குதிரையால் கோட்டையை வெட்டிக் கணக்கைச் சரிசெய்வார் என்று எவரும் நினைக்கும் இடத்தில், அதை விட்டுவிட்டு ராஜாவின் பக்கத்திலிருந்த மந்திரியை வெட்டினார். இருபத்தோராம் நகர்வில் ராணி ஒரு கட்டம் அமைதியாக நகர்ந்ததும் பேர்ன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அடுத்த அறையில் பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்கள் இருவரும் அதுவரை பேர்னே வெல்கிறார் என்று நம்பியிருந்தார்களாம்.

"அவங்க பக்கத்துல பட்டை இருந்திருந்தா அந்தத் தப்பு நடந்திருக்குமா ஐயா?" என்று பையன் கேட்டான்.

"நடந்திருக்காது. நான் இந்தக் கதையைச் சொல்லிக்கிட்டும் இருக்க மாட்டேன்" என்றார் அவர்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். அதை விட்டுவிட மனமில்லை. அண்மைய ஆண்டுகளில் இந்தப் போட்டியில் அடிக்கடி காணும் பெயர்களில் வெஸ்லி சோ பிலிப்பைன்ஸில் பிறந்தவர், டொமிங்கெஸ் கியூபாவில், அரோனியன் ஆர்மேனியாவில். சோ 2014இல் அமெரிக்காவுக்காக ஆடத் தொடங்கி 2017இல் அதன் தேசிய வாகையரானார். "மூணு வருசம்" என்று விரல்களைக் காட்டினார் கிளாக்கரய்யா. 1948இன் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழ் மக்களில் எஞ்சியிருந்தோருக்கு 2003இன் சட்டம்வரை முடிவு கிடைக்காத ஊரில் அந்த மூன்று விரல்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு பையன் எழுந்து போய் எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தான்.

மூன்று மணிக்குப் பிறகு நாங்கள் பின்தொடர்ந்த ஆட்டம் கோட்டை முடிவாட்டமாகச் சுருங்கியது. ஆளுக்கொரு கோட்டை, வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று, ஏழும் பலகையின் ஒரே பக்கத்தில். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் வெல்ல முடியாத நிலை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். கறுப்பு தன் ஓரத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளி வைத்துவிட்டால் போதும் என்று கிளாக்கரய்யா சொல்லி முடிப்பதற்குள் அந்த நகர்வே வந்தது. அவருக்கு ஒரு கொட்டை. ஆயினும் வெள்ளை விடவில்லை. இந்தப் போட்டியில் முதல் நாற்பது நகர்வுகளுக்குத் தொண்ணூறு நிமிடம், அதன்பின் முப்பது நிமிடம், நகர்வுக்கு முப்பது விநாடி கூடுதல் என்பதால், கடிகாரம் தீரும் நிலையிலும் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகும். நண்பர் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார். வெள்ளைக்கு இன்னும் வழியுண்டு என்று நான் பிடிவாதமாகச் சொல்லி, வரிசையாகப் பதினொரு ஊகங்களில் தோற்றேன்.

திடீரென்று வாசித்துக்கொண்டிருந்த பையன் நிறுத்தினான். "ஐயா, ரெண்டு ராஜாவும் நடுவுல வந்து நிக்குது!" அப்படி ஒரு நகர்வு சதுரங்கத்தில் கிடையாது. காய்களை உணரும் மின்பலகையிலிருந்துதான் நகர்வுகள் நேரலைக்குப் போகின்றன. ஆட்டம் முடிந்ததும் முடிவைக் குறிக்க இரு ராஜாக்களையும் நடுக்கட்டங்களில் வைப்பது வழக்கம் என்று கிளாக்கரய்யா விளக்கினார். சமநிலை.

அதற்குள் பையனின் தாயார் எழுந்து அடுப்பு மூட்டியிருந்தார். கொழுந்தெடுக்கப் போகுமுன் ரொட்டி சுட வேண்டும். மாவு பிசைந்த கையோடு வாசலில் வந்து நின்று, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் சமம்மா."

"இதுக்குத்தானா விடிய விடிய?" என்று சொல்லிவிட்டு, மேசையிலிருந்த புளியங்கொட்டைகளை மூடியோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.