ஐம்பதுகளின் பேட்டர்ன் உறைகள்

1940கள், 50களில் அமெரிக்காவில் வந்த கவுன் தையல் பேட்டர்ன்கள் (துணியை வெட்ட வைத்துக்கொள்ளும் காகித மாதிரிகள், உறையில் போட்டு விற்பார்கள்) மீது எனக்குத் தீராத மோகம். உறை மேல் இருக்கும் அந்த ஓவியத்தைப் பாருங்கள்: ஒடுங்கிய இடுப்பு, விரிந்து சுழலும் பாவாடை, கையுறை. 1947இல் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் காட்டிய பாணி அப்படியே வீட்டுத் தையல் மெஷினுக்கு வந்து சேர்ந்த காலம் அது. 1949இல் வோக் என்ற பேட்டர்ன் நிறுவனம், பாரிஸ் வடிவமைப்பாளர்களின் உடைகளையே பேட்டர்னாக விற்க ஆரம்பித்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பட்டரிக் என்ற பேட்டர்ன் நிறுவனம் 1952இல் வெளியிட்ட 'வாக் அவே' கவுன். தலை வழியாகப் போட்டு, முன்பாகத்தை முதுகுப்பக்கம் இழுத்து மாட்ட வேண்டும். அப்புறம் பின்பக்கத்து அகலப் பாவாடையை முன்னால் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் பட்டன் போட்டால் முடிந்தது. கை கிடையாது, ஜிப் கிடையாது, ஓரம் முழுக்க கிராஸ் பட்டிதான் (குறுக்காக வெட்டிய துணிப்பட்டை). காலையில் வெட்ட உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் போட்டுக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் பெயருக்கே காரணம். எவ்வளவு புத்திசாலித்தனமான வெட்டு!

அக்காலத்துப் பல பேட்டர்ன்களில் அச்சே இருக்காது. மெல்லிய டிஷ்யூ தாளில் வெறும் துளைகள்தான். எது டார்ட் (உடல் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் இடம்), எது துணியின் நேர் இழை என்று துளையின் அளவையும் இடத்தையும் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: சைஸ் எண்ணை நம்பாதீர்கள், இன்றைய எண் வேறு. உறையில் போட்டிருக்கும் மார்பளவு இஞ்சைப் பாருங்கள். தாளை வெட்டாமல் வேறு காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள், ப்ளீஸ்.