எக்ஸ்டென்ஷன் கொடுத்தால் போதுமா?

பிஎச்.டி. முடிக்க எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் அவகாசம், கேட்டு என்னிடம் கையெழுத்துக்கு வருகிற கடிதங்களில், காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் 'சொந்தக் காரணங்களுக்காக' என்றுதான் எழுதியிருக்கும். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை மேடம் என்பார்கள். அப்புறம் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் மாமியாருக்குப் பக்கவாதம், அப்பாவுக்கு டயாலிசிஸ், குழந்தைக்கு அடிக்கடி வீசிங், வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன், சில ஸ்காலர்களுக்கு, அதாவது பிஎச்.டி. மாணவர்களுக்கு, கைடு. வீட்டில் என் அம்மாவுக்கு மறதி நோய். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டிய ஆராய்ச்சி மாணவருக்கு நம் ஊரில் கொடுக்கப்படுவது அவகாசம் மட்டும்தான். அவர்களுக்கு வேண்டியதோ வேலையைக் கைமாற்ற ஒரு ஆளும் கொஞ்சம் பணமும்.

2022 நவம்பரில் வந்த யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) பிஎச்.டி. விதிமுறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் ஒரு 2, ஆக மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தக் காலத்திலும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணமாகி ஊர் மாறினால் அதுவரை செய்த ஆராய்ச்சித் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். குறை சொல்ல மாட்டேன், நான் பிஎச்.டி. பண்ணிய காலத்தில் இதெல்லாம் கேட்டால் கைடு சிரித்திருப்பார்.

ஆனால் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 5 ஆண்டோடு நின்றுவிடுகிறது. 2023 ஜனவரியிலிருந்து அது மாதம் 37,000 ரூபாய், சீனியர் ஆனதும் 42,000, கூட வீட்டு வாடகைப்படி. ஆறாவது ஆண்டிலிருந்து பூஜ்யம். பத்து ஆண்டு அவகாசம் என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதி கையில் காசில்லாத ஆண்டுகள். மருந்துச் செலவு ஏறிக்கொண்டே போகிற வீட்டில் இதற்கு என்ன அர்த்தம்? அதுவும் ஜேஆர்எஃப் கிடைத்தவர்கள் கதை. எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் பார்ட் டைம், இல்லையென்றால் எங்கேயோ தொகுப்பூதியத்தில் கெளரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு ராத்திரி தீசிஸ் எழுதுகிறவர்கள்.

இன்னொன்று. விதிக்குக் குழந்தையைத் தெரிகிறது, கிழவியைத் தெரியவில்லை. அந்த 240 நாள் பிரசவத்துக்கும் குழந்தைக்கும், அதுவும் பெண்ணுக்கு மட்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது, 2018 முதல் தனியாக வளர்க்கும் அப்பாக்களுக்கும் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் அதுவும் குழந்தைக்குத்தான். தமிழ்நாடு அரசு 2021-இல் மகப்பேறு விடுப்பை 12 மாதமாக்கியது. எல்லாம் வாழ்க்கையின் ஆரம்பத்தோடு முடிந்துவிடுகிறது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாத பிள்ளையிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தர 2007-லேயே மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் போட்டோம். பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு ஒரு நாள் லீவு கொடுக்க எந்த விதியும் ஸ்காலருக்கு இல்லை.

வேலூரில் இது இன்னும் ஒரு சுற்று கூட. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சி.எம்.சி. மாதிரி பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் வீடு இருந்தால், சொந்தத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அது உங்கள் வீட்டு விஷயம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்குகிறார்கள், அந்தத் தெருக்களில் பெங்காலியில் போர்டு, பெங்காலிச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆரணியிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் செங்கத்திலிருந்தும் வருகிற பெரியப்பாவும் சித்தியும் லாட்ஜில் தங்க மாட்டார்கள். உங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுப்பார்கள். "நீதான் படிச்ச பொண்ணு, டாக்டர் சொல்றது உனக்குத்தானே புரியும், கூட வாம்மா" என்பார்கள். விடிவதற்குள் எழுந்து போய் ஓபிடியில் (வெளிநோயாளிகள் பிரிவு) நிற்பது, ரிப்போர்ட் வாங்குவது, ஸ்கேனுக்கு எந்த பில்டிங் என்று வழி காட்டுவது, மறுபடி எப்போது வரச் சொன்னார்கள் என்று ஃபோனில் நினைவுபடுத்துவது. என் ஸ்காலர் ஒருத்தி, காட்பாடியில் வீடு, ஒரு கோடை விடுமுறை முழுக்க இப்படி மூன்று சொந்தக்காரர்களுக்கு ஓடினாள். அவளிடம் நோட்டில் இரண்டு பட்டியல் இருந்தது, ஒரு பக்கம் ஆராய்ச்சிக்கான கொசு லார்வா (கொசுப் புழு) எண்ணிக்கை, எதிர்ப் பக்கம் அவர்களுடைய சர்க்கரை அளவு. முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்து பார்க்க வேண்டும், மேடையில் இருக்கும் பொண்ணு மாப்பிள்ளையைவிட, 'முடியாது' என்று சொன்னவளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

பாட்டி பார்த்துக்கொள்வாள் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர் என்று காலையில் கம்பெனி பஸ்களைப் பார்த்தால் தெரியும். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். பாட்டிக்கும் ஷிஃப்ட் இருக்கிறது.

சரி, லேபுக்கு வருகிறேன். நாங்கள் செய்வது கொசு லார்வாவை வைத்து. நொச்சி, ஆடாதொடை மாதிரி இலைகளின் சாறு எவ்வளவு கொடுத்தால் பாதி லார்வா சாகும் என்று பார்ப்பது. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் லார்வாவுக்குத் தினமும் தீனி வைக்க வேண்டும், நாய் பிஸ்கட் தூளும் ஈஸ்டும் மூன்றுக்கு ஒன்று கலந்து. வேலூர் வெயிலில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். நமக்கு வேண்டிய பருவம் மூன்றாம் நிலையின் கடைசி, நான்காம் நிலையின் ஆரம்பம், அந்த ஒன்றிரண்டு நாளைத் தவறவிட்டால் அந்த பேட்ச் போச்சு. மருந்து போட்ட பிறகு சரியாக 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும், காலை பத்து மணிக்குப் போட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அப்பா டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாலும். டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், போக வர தனி. அவருக்கும் கால அட்டவணை உண்டு, லார்வாவுக்கும் உண்டு, இரண்டும் எக்ஸ்டென்ஷன் கொடுக்காது.

இந்த டயாலிசிஸ் அப்பா உள்ள என் ஸ்காலர் ஒரு பையன், பெண் இல்லை. மாதக்கணக்கில் லேட்டாக வந்தபோதெல்லாம் காட்பாடியில் பஸ் கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தான். காட்பாடியிலிருந்து பாகாயம் வரைக்கும் ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் பஸ் ஓடிக்கொண்டே இருக்கிற ரூட்டில்! ஆம்பிளைப் பையன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போனேன் என்று துறையில் சொல்ல அவனுக்குக் கூச்சம். 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97. வீட்டில் உள்ளவர்களைக் கவனிப்பதில் ஈடுபடுகிறவர்களை மட்டும் எடுத்தால் பெண்கள் 134, ஆண்கள் 76. பாரம் பெண்கள் மேல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 76 நிமிட ஆண்களுக்கு பிஎச்.டி. விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆணுக்கும் இந்த விடுப்பைக் கொடுத்தால்தான், அண்ணனுக்கு லீவு கிடைக்காது அதனால் நீ வந்து பாரு என்று வீட்டில் பெண்ணைக் கூப்பிடுவது குறையும்.

வெளிநாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இரண்டு உதாரணம் மட்டும் சொல்கிறேன், இரண்டிலும் பணம் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 1995-இல் நோபல் வாங்கிய ஜெர்மன் உயிரியலாளர் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004-இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை உள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை, வீடு கூட்ட, பாத்திரம் தேய்க்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கென்றே. ஆராய்ச்சிக்கு இல்லை, பாத்திரத்துக்கு! அமெரிக்காவில் டோரிஸ் டியூக் அறக்கட்டளை 2015-இல் 10 மருத்துவக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்தது, குடும்பப் பொறுப்பு அழுத்துகிற இளம் டாக்டர்-ஆராய்ச்சியாளர்கள் லேபில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும், அந்த நேரத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டும் ஆராய்ச்சியைத் தொடரவும். குழந்தைக்கு மட்டும் என்றில்லை, வயதான பெற்றோரைப் பார்க்கிறவர்களுக்கும் அது உண்டு.

நம்மிடம் 2002 வாக்கிலேயே தொடங்கிய மகளிர் விஞ்ஞானி திட்டம் இருந்தது, அறிவியல் தொழில்நுட்பத் துறையுடையது. குடும்பத்துக்காக ஆராய்ச்சியை விட்டுப் போன பெண்கள் திரும்பி வர அது வழி செய்தது, அதனால் லேபுக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அதில் ஒரே வருத்தம், விட்டுப் போன பிறகுதான் பணம் வந்தது. போகாமல் பிடித்து நிறுத்தச் சொன்னால் ஒரு தலைப்பின் கீழும் இடமில்லை. ப்ராஜெக்ட் பணத்தில் கெமிக்கல் வாங்கலாம், டெல்லி கருத்தரங்குக்கு டிக்கெட் போடலாம், பால் குடிக்கிற குழந்தையோடு போகிற ஸ்காலருக்குத் துணையாக வரும் அம்மாவின் டிக்கெட்டைப் போட முடியாது, ஆடிட்டில் மாட்டும். வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அரை நாள் ஆயாவுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு முறை அலுவலகத்தில் கேட்டேன். கிளார்க் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஏதோ திருட்டுக் கணக்கு கேட்டோமோ என்று.

எங்கள் லேபில் காசில்லாமல் செய்ய முடிந்ததைச் செய்கிறோம். ஒவ்வொரு ஸ்காலருக்கும் இன்னொருவர் ஜோடி. ஒருவர் வேலையை மற்றவர் அப்படியே எடுத்துச் செய்கிற அளவுக்கு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும், தீனி எத்தனை கிராம், எந்தத் தட்டில் எந்த பேட்ச், எத்தனை மணிக்கு மருந்து போட்டது எல்லாம். ஆரம்பத்தில் என் டேட்டாவை இன்னொருத்தர் தொடுவதா என்று முறைத்துக்கொண்டார்கள், இப்போது அந்தப் பேச்சு இல்லை, கட்டுரையில் உதவிக்கு நன்றி என்று பெயரும் வருகிறது. டிசி (ஆராய்ச்சியை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி) மீட்டிங் காலை பதினொன்றுக்கு மேல் ஒரு மணிக்குள். மாலை நாலரைக்கு மீட்டிங் வைத்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை வாசல் படியில் உட்கார்ந்திருக்கும். வர முடியாதவர்கள் ஆன்லைனில் வரலாம், கொரோனாவில் எல்லாரும் அப்படித்தானே நடத்தினோம், பிறகு ஏன் திடீரென்று அது மரியாதைக் குறைவாகிவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வேலை சொல்வதில்லை. என் அம்மா தூங்கும் நேரத்தில் எழுதுகிறவள் நான், அதனால் இது எனக்கே வசதி.

இதெல்லாம் ஒரு கைடின் நல்ல மனதை நம்பி நடப்பது. கைடு மாறினால் போய்விடும். அதனால்தான் எழுத்தில் வேண்டும் என்கிறேன். ஆண் பெண் யாராக இருந்தாலும், பெற்றோரோ மாமனார் மாமியாரோ கணவனோ மனைவியோ படுத்துவிட்டால், டாக்டர் சான்றிதழோடு 60 நாள் பராமரிப்பு விடுப்பு, உதவித்தொகை நிற்காமல். எடுத்த நாட்கள் உதவித்தொகைக் காலத்தின் கடைசியில் சேர வேண்டும். உதவித்தொகையோடு சில்லறைச் செலவுக்கு வரும் கன்டிஞ்சென்சி பணத்தில் ஒரு சின்னப் பங்கு பராமரிப்புச் செலவுக்கு.

துறையில் ஒரு மூத்த பேராசிரியரிடம் சொன்னபோது, "இன்னாம்மா, எல்லாரும் இதைச் சாக்கா வெச்சி லீவு போட்டுகினு போய்டுவாங்க" என்றார். போடட்டும் சார், இப்போது பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அப்போது உண்மையைச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்றேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் துறைக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் இதை நாலாவதாகப் போட்டிருக்கிறார்கள், ஏசி ரிப்பேருக்கு அடுத்தது.