துடுப்பும் தட்டானும் எங்க கும்பலும்

குளிர் போய் வெயில் லேசா எட்டிப் பாக்க ஆரம்பிச்சாலே எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல "ஏரிக்கு எப்போ?"ன்னு மெசேஜ் வந்துரும். அதுக்கப்புறம் சம்மர் முடியுற வரைக்கும் லீவுன்னா நாங்க தண்ணிக்கரையிலதான். சொந்தக்காரங்க ஒண்ணு சேந்தா சத்தம் இல்லாம இருக்குமா, பறவை பாக்கணும்னா சத்தமே ஆகாது, இந்த ரெண்டையும் ஒரே நாள்ல எப்படி முடிக்கிறதுங்கறதுதான் பிரச்சனை. நான் கண்ட வழி, விடியக்காலைல ரெண்டு மூணு பேரா மட்டும் கயாக்ங்கற சின்ன துடுப்புப் படகுல இறங்கிடறது, மத்தவங்க தூங்கி எழுந்து வந்தப்புறம் கதை, அரட்டை, பழைய சண்டை எல்லாத்தையும் கரையிலயே வச்சுக்கறது. காலைல காத்தும் கம்மியா இருக்கும், துடுப்பு போடறதும் சுலபம்.

ஸ்பிரிங்ல ஒரு விஷயத்துல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். "இவ்ளோ வெயில் அடிக்குது, இந்த லைஃப் ஜாக்கெட் எதுக்குடா"ன்னு சித்தப்பா வருஷா வருஷம் கேப்பாரு. வெளிய சூடா இருந்தாலும் தண்ணி இன்னும் ஜில்லுனுதான் இருக்கும், காத்தை விட தண்ணி நம்ம உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமா உறிஞ்சும். திடீர்னு விழுந்தா முதல்ல மூச்சுதான் தூக்கிவாரிப் போடும், அந்த நேரத்துல தலை தண்ணிக்குள்ள இருந்துச்சுன்னா நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. அதனால டிரெஸ் போடறது வெயிலைப் பாத்து இல்ல, தண்ணியைப் பாத்து. பெரியவங்க சின்னவங்க யாரா இருந்தாலும் ஜாக்கெட் பக்கிள் போடாம படகு நகராது.

ரெண்டு பேர் கயாக்ல அத்தையும் மாமாவும் ஏறினா அது தனிக் கூத்து. முன்னாடி இருக்கறவங்க வேகத்தைப் பிடிக்கணும், பின்னாடி இருக்கறவங்க அதே தாளத்துல போட்டுக்கிட்டே படகைத் திருப்பணும், இதான் விதி. மாமா முன்னாடி உக்காந்துக்கிட்டே திருப்பவும் பாப்பாரு, படகு ஒரே இடத்துல வட்டம் அடிக்கும். கை மட்டும் வலிக்குதுன்னா தப்பா போடறீங்கன்னு அர்த்தம், இடுப்புக்கு மேல உடம்பு முழுசும் திரும்பணும், துடுப்பை பாதத்துக்கிட்ட இறக்கி இடுப்புக்கிட்ட எடுத்துடணும்.

நடந்து போனா பறந்துடற பறவைங்க, கயாக்ல தாழ உக்காந்து மெதுவா மிதந்து போறவங்களை பல சமயம் கண்டுக்கறதே இல்ல. அதுக்காக கிட்டயே போயிடக்கூடாது. இரை தேடிட்டு இருந்த நாரை நிறுத்திட்டு கழுத்தை நீட்டி நம்மளையே பாக்குதா, அப்பவே துடுப்பை மடியில வச்சுரணும், முடிஞ்சா பின்னாடி வந்துரணும். கூடு கட்டற நேரத்துல நாணலுக்குள்ள படகை விடவே கூடாது. தூரத்துல இருந்து பாத்தாலே போதும், முக்குளிப்பான்ங்கற நீர்ப்பறவையோட முதுகுல கோடு போட்ட குஞ்சுங்க ஏறிக்கிட்டு இறக்கைக்கு நடுவுல தலைய நீட்டிட்டு போகும். அதுங்க தன் இறகையே பிச்சு குஞ்சுக்கு ஊட்டும், மீன் முள்ளு வயித்தைக் குத்தாம இருக்கத்தான்னு சொல்றாங்க.

ஆனா எங்க வீட்டுப் பசங்களுக்கு பறவையை விட தட்டான்தான். ஒரு நாள் காலைல கோரைத் தண்டுல ஏதோ பூச்சி ஒட்டிட்டு இருக்குன்னு அக்கா பொண்ணு காட்டினா. தட்டானா மாறப்போற இளம்பூச்சி அது, பழுப்புக் கலர், ஆறு காலாலயும் தண்டை கெட்டியா பிடிச்சிருந்துச்சு. பாத்துட்டே இருக்கும்போது முதுகு பிளந்து உள்ள இருந்து வெளிறிப்போன ஒரு உடம்பு வெளிய வந்துச்சு, இறக்கை எல்லாம் கசங்கின டிஷ்யூ பேப்பர் கணக்கா சுருட்டிக்கிட்டு. அது மெல்ல மெல்ல விரியுது, கலர் ஏறுது, அசையாம நிக்குது. எப்பவும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத கும்பல் வாயே திறக்கல. பறந்து போனப்புறம் அது கழட்டிட்டுப் போன தோல்கூட்டை கிட்டக்க வச்சுப் பாத்தோம், பிளந்த இடத்துல வெள்ளையா நூல் நூலா தொங்குது, அது உள்ள இருந்த மூச்சுக்குழாயோட உறை. அதுவரைக்கும் தண்ணிக்கடியில இருந்துக்கிட்டு தலைப்பிரட்டையைக் கூட பிடிச்சுத் தின்ன ஆளு அது!

நடு சம்மர்ல ஒரு கேள்வி கட்டாயம் வரும், "ஆண் வாத்தெல்லாம் எங்க போச்சு?" எங்கயும் போகல. பச்சைத்தலை மல்லார்ட் ஆண்கள் அந்த சமயத்துல பளபளப்பு இறகை உதுத்துட்டு பெட்டை மாதிரியே பழுப்பா ஆயிடும், பறக்கற இறகும் ஒட்டுமொத்தமா விழுந்துடறதால சில வாரத்துக்கு பறக்கவும் முடியாது, அதான் நாணல்ல ஒளிஞ்சுக்கும். அப்ப துரத்தினா பாவம், தப்பிக்க வழியே இல்ல. பசங்ககிட்ட இதை ஒரு தடவை சொன்னா போதும், பெரியவங்களுக்குத்தான் திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியிருக்கு.

தண்ணின்னாலே பயப்படற பெரியம்மாவும் வருவாங்க. கரைல நிழல் பாத்து சேர் போட்டு பைனாகுலர் குடுத்துட்டா பொழுது போயிடும். எதிர்க்கரை மண்மேட்டுல இருக்கற மீன்கொத்தி பொந்தை முதல்ல பாத்தது அவங்கதான், பொந்துக்குக் கீழ வெள்ளையா எச்சம் வழிஞ்சிருந்தா உள்ள குடித்தனம் நடக்குதுன்னு அர்த்தமாம். இப்ப படகுல போறவங்களை கரைல இருந்தே "அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னு கத்தி விரட்டறதும் அவங்கதான், பறவைங்களுக்கு அந்த சத்தம் தேவலாமான்னு கேட்டா மட்டும் கோவம் வந்துருது.