நிழலுக்குள் போகும் நேரம்: மொட்டை மாடியில் செயற்கைக்கோள் பார்த்த குறிப்புகள்

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் வீட்டு மொட்டை மாடி. மேற்கிலும் தெற்கிலும் மறைப்பு எதுவும் இல்லை. கிழக்கில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அடிவானத்தைக் கொஞ்சம் தின்கிறது. வடக்கில் தெருவிளக்கு, எல்இடி மாற்றிய பிறகு அதன் வெளிச்சம் மாடி வரை ஏறுகிறது. கையில் ஒரு 10×50 பைனாகுலர், ஒரு ஈசிச்சேர், போன், போனை நிறுத்தி வைக்க ஒரு ட்ரைபாட். இந்தப் பொழுதுபோக்குக்கு இதற்கு மேல் தேவைப்படவில்லை. 2025 தை மாதம் தொடங்கினேன், இப்போது ஆவணி.

தை, மாசி

எல்லாரையும் போல நானும் சர்வதேச விண்வெளி நிலையத்தில்தான் ஆரம்பித்தேன். வானத்தில் மிகச் சுலபமாகக் கிடைப்பது அதுதான். நீளம் 109 மீட்டர், எடை சுமார் 420 டன், தங்க நிறத்தில் மினுங்கும் சூரியத் தகடுகள். தலைக்கு மேல் வரும்போது வெள்ளி கிரகத்தோடு போட்டி போடுகிற பிரகாசம். ஹெவன்ஸ் அபவ் தளத்தில் ஊரைக் கொடுத்தால், எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எழும், எவ்வளவு உயரம் ஏறும், எங்கே மறையும் என்று அட்டவணை வந்துவிடும். அதில் நான் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். 30 பாகைக்குக் கீழே என்றால் மாடிப்படி ஏற மாட்டேன். அடிவானத்துக்கு மேலே 10 பாகையில் இருக்கும்போது நிலையம் நம்மிடமிருந்து சுமார் 1500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. உச்சிக்கு வந்தால் 420தான். தூரம் அத்தனை குறைவதால் வெளிச்சம் பத்து மடங்குக்கு மேல் கூடும்.

நகரும் வேகத்துக்குக் கண் பழகச் சில நாள் ஆனது. உச்சியில் நொடிக்கு ஒரு பாகை. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. ஆக, ஒரு முஷ்டி தூரத்தைப் பத்து நொடியில் கடந்துவிடும். சிமிட்டல் கிடையாது, சத்தம் கிடையாது. சிவப்பும் பச்சையுமாக மின்னினால் அது மதுரை விமானம் அல்லது தூத்துக்குடி விமானம்.

அப்புறம் ஒரு வாரம் அட்டவணையே காலியாகிவிட்டது. ஏன் என்று தேடிப் போனதில்தான் விஷயம் சுவாரசியமாக ஆரம்பித்தது. பூமி நடுவில் கொஞ்சம் உப்பி இருக்கிறதல்லவா, அந்த உப்பல் நிலையத்தின் சுற்றுப்பாதையைத் தினமும் சுமார் 5 பாகை மேற்கே திருப்புகிறது. சூரியனின் நகர்வையும் சேர்த்தால் 6 பாகை. அதனால் கிட்டத்தட்ட 60 நாளில் ஒரு சுழற்சி. சில நாள் மாலையில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வரும். இன்று ஏழேகாலுக்கு வந்தால் நாளை பெரும்பாலும் முக்கால் மணி நேரம் முன்கூட்டி வரும். பிறகு காணாமல் போகும். ஒரு மாதம் போலக் கழித்து மறுபடி வரும்போது வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகும். இது புரிந்த பிறகு காலண்டரைப் பார்த்தே 'அடுத்து இன்ன வாரம் வரும்' என்று ஓரளவு சொல்ல முடிந்தது. செயலியைத் திறக்காமல் சொல்வதில் ஒரு கெத்து இருக்கத்தான் செய்கிறது.

பங்குனி

இந்த மாதம் முழுக்க நிழல்தான்.

மாலையில் வருகிறவை பெரும்பாலும் மேற்கு அடிவானத்தில் பிறந்து கிழக்கு அடிவானத்தில் முடிவதில்லை. பாதி வானத்தில் அணைந்துவிடுகிறது. மேகம் மறைப்பதில்லை, பூமியின் நிழலுக்குள் போய்விடுகிறது. சூரியன் மேற்கே இறங்க இறங்க அந்த நிழல் கிழக்கிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வரும். உச்சி வானத்தில் அது 420 கிலோமீட்டர் உயரத்தைத் தொட, சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 20 பாகை இறங்க வேண்டும். நம் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக விழுவதால் அதற்குப் பொழுது சாய்ந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். அதற்குள் வந்தால் உச்சி வரை பார்க்கலாம். அதற்குப் பிறகு வந்தால் மேற்கு வானத்தோடு சரி. விடிகாலையில் எல்லாம் தலைகீழ்: ஒன்றுமே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு ஒளிப்புள்ளி முளைத்துக் கிழக்கே போகும்.

அணைகிற அந்தச் சில நொடிகளைப் பைனாகுலரில் பார்க்க வேண்டும். மார்ச் மாத மாலையில் வடகிழக்கே சப்தரிஷி மண்டலம் தாழ்வாக எழுந்துகொண்டிருக்கும். நிலையம் அதை எட்டும் முன்னே நிறம் மாற ஆரம்பிக்கிறது. வெள்ளையிலிருந்து மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் மங்கிய சிவப்பு. வெறும் கண்ணுக்கு மறைந்த பிறகும் பைனாகுலரில் இன்னும் கொஞ்சம் ஓடும். நமக்குச் செவ்வானம் தரும் அதே வளிமண்டலத்தின் ஊடாக வந்த வெயில்தான் அந்த நொடியில் அதன் மேல் படுகிறது. அங்கே நிலையத்துக்குள் இருப்பவர்களுக்கு அது சூரிய அஸ்தமனம். ஒரு நாளில் அவர்களுக்குப் பதினைந்து பதினாறு அஸ்தமனம். நிலையம் முழுசாகத் தெரிவதைவிட இப்படி அணைவதுதான் எனக்குப் பிடித்துப்போனது. இப்போதெல்லாம் அட்டவணையில் மறையும் நேரத்தைத்தான் வட்டம் போடுகிறேன்.

நேரம் குறிக்கவும் கற்றுக்கொண்டேன். தெரிந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவே அது கோட்டைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்துவது. திருவாதிரைக்கும் ரோகிணிக்கும் நடுவே, மகத்துக்குப் பக்கத்தில், இப்படி. பழைய முறைதான். 1957இல் ஸ்புட்னிக் போனபோது அமெரிக்காவில் தன்னார்வலர்கள் இப்படித்தான் வரிசையாக உட்கார்ந்து குறித்தார்கள். ஸ்மித்சோனியன் ஆய்வகம் உலகில் 12 இடங்களில் பேக்கர்-நன் என்ற பெரிய கேமராக்களை இதற்கென்றே வைத்தது. அதில் ஒன்று நம் நைனிடாலில் இருந்தது. நான் குறிக்கும் நேரத்தால் யாருக்கும் பயனில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கணக்கும் கண்ணும் ஒன்றிரண்டு நொடிக்குள் ஒத்துப்போகும்போது ஒரு திருப்தி.

ஒத்துப்போகாத நாளும் உண்டு. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் இரண்டு வரியில் ஒரு ஜாதகம் இருக்கிறது. டிஎல்ஈ என்பார்கள், வரிக்கு 69 எழுத்து. பாதையின் சாய்வு (பூமத்திய ரேகையிலிருந்து பாதை எவ்வளவு சரிந்திருக்கிறது), ஒரு நாளில் எத்தனை சுற்று, காற்று எவ்வளவு இழுக்கிறது எல்லாம் அதில் இருக்கும். விண்வெளி நிலையத்தின் பட்டியல் எண் 25544. நிலையத்தை எஞ்சின் போட்டு மேலே தூக்கிவிட்டால் பழைய வரிகள் பிசகும். அதனால் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் பார்க்கும் முன் தரவைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

சித்திரை, வைகாசி

சீனாவின் தியான்கோங் நிலையம். 2021இல் முதல் பகுதி போனது, 2022 முடிவதற்குள் மூன்று பகுதிகளும் சேர்ந்துவிட்டன. பாதையின் சாய்வு 41.5 பாகை. விண்வெளி நிலையத்தைவிட மங்கல்தான், ஆனாலும் ஊர் வெளிச்சத்தில் சிரமமில்லாமல் தெரிகிறது. இரண்டு நிலையமும் ஒரே மாலையில் வந்த நாளில் மாடியிலிருந்து இறங்க மனசு வரவில்லை.

அப்புறம் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம்மைப் போன்ற தெற்கத்திக்காரர்களின் சொத்து. வெளிநாட்டு ஆர்வலர்கள் எழுதுவதைப் படித்தால் முதலில் பொறாமைதான் வரும். லண்டனில் ஜூன் மாதம் விண்வெளி நிலையம் ராத்திரி முழுக்க, சுற்றுக்கு ஒரு முறை தெரியும். அங்கே கோடையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதே இல்லை. நமக்கு நடுநிசியில் ஒன்றும் கிடையாது. மாலையில் ஒன்றரை மணி நேரம், விடிகாலையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். ஆனால் ஹபிளின் பாதை 28.5 பாகைச் சாய்வு. லண்டன்காரர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலேயே வராது. நமக்கோ தலைக்கு மேலே போகிறது.

1990இல் சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் விட்டார்கள். 2009இல் விண்ணோட வீரர்கள் கடைசியாகப் போய்ப் பழுது பார்த்துவிட்டு வந்த பிறகு மனிதக் கை அதில் படவில்லை. மெல்லிய காற்றின் இழுப்பில் மெதுவாக இறங்கி இப்போது சுமார் 500 கிலோமீட்டரில் சுற்றுகிறது. பார்வைக்குச் சப்தரிஷி நட்சத்திரங்கள் அளவுக்கான ஒரு புள்ளி, அவ்வளவே. தெரியாதவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். சித்திரை மாதம் ஒரு மாலை, தெற்கே அகத்திய நட்சத்திரம் சாய்ந்துகொண்டிருக்கையில் மேற்கிலிருந்து ஏறி வந்தது. பள்ளிப் பாடப் புத்தகம் முதல் காலண்டர் வரை நாம் பார்த்த எத்தனையோ விண்மீன் மண்டலப் படங்களை எடுத்த பொருள் அது. பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போட்டோ பற்றி: போனின் நைட் மோடு சரிப்படவில்லை. அது பல படங்களைக் குட்டிக் குட்டியாக எடுத்து ஒட்டுவதால் கோடு துண்டு துண்டாகிறது. ப்ரோ மோடுக்குப் போய், ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஷட்டரை 30 நொடிக்கு வைத்து, டைமரில் அழுத்தினால் விண்வெளி நிலையம் நீண்ட ஒரு வெள்ளைக் கோடாக விழுகிறது. நிழலுக்குள் போகும் நேரத்தில் எடுத்தால் கோடு நுனியில் மெலிந்து சிவந்து முடியும். அந்தப் படம்தான் இப்போது போனில் வால்பேப்பர். ஹபிள் போன் கேமராவுக்கு எட்டவில்லை.

ஆனி, ஆடி

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 கிளம்பி மறுநாள் நிலையத்தில் போய்ச் சேர்ந்தார். ஜூலை 14 வரை அங்கே இருந்தார். அதுவரை 'மாடியில போய் என்னத்தத்தான் பாக்குதோ' என்றிருந்த தெருவில், இப்போது என்னை நிறுத்தி நேரம் கேட்டார்கள். ஆனி, ஆடிக் காற்றுக்கு மேகம் ஓடிக்கொண்டே இருக்கும் காலம். இடைவெளி கிடைத்தால் உண்டு. எதிர்க்கடை அண்ணாச்சி ஒரு நாள் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மேலே வந்தார். நிலையம் உச்சிக்கு வந்ததும் கேட்டார்:

"தம்பி, இவ்வளவு வெளிச்சமா இருக்கே, லைட்டு போட்டுத்தானே போகுது?"

"இல்ல அண்ணாச்சி, வெயில்தான் படுது."

"ராத்திரி ஏழரைக்கு ஏது வெயிலு?"

"நமக்குத்தான் ராத்திரி. மேல இருக்கவங்களுக்கு இன்னும் பொழுது சாயல. இப்ப சாயும் பாருங்க."

சொல்லி வாயை மூடுவதற்குள் வடகிழக்கே மங்க ஆரம்பித்தது. பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். சிவந்து அணைந்ததும், "அடுத்தது எப்ப?" என்றார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களின் ரயிலும் இந்தக் காலத்தில்தான் மாட்டியது. ஏவிய சில நாளுக்குள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் போகும். பிறகு உயரம் ஏறிப் பிரிந்துவிடும். தெருப் பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இன்று இயங்குகிற செயற்கைக்கோள்களில் பாதிக்கு மேல் அவைதான். பைனாகுலரை எங்கே திருப்பினாலும் ஒன்று குறுக்கே ஓடுகிறது, எதைத் தேடினோம் என்பதே குழம்பிவிடும். தாமதமாக வந்த வருத்தம் ஒன்று உண்டென்றால் அது இரிடியம் என்ற தொலைபேசிச் செயற்கைக்கோள்களின் மின்னல். கதவு அளவு பளபளப்பான ஆன்டெனாவில் வெயில் பட்டுத் தெறித்துச் சில நொடி வெள்ளியைவிடப் பல மடங்கு பளீரிடுமாம். அந்தப் பழைய தலைமுறை இரிடியங்களில் பெரும்பாலானவற்றை 2019க்குள் இறக்கிவிட்டார்கள்.

ஆவணி

இப்போது நான் துரத்திக்கொண்டிருப்பது அஜிசாய் என்ற செயற்கைக்கோளை. ஜப்பான் 1986இல் ஏவியது. எஞ்சின் கிடையாது, கேமரா கிடையாது, ரேடியோவும் கிடையாது. 2.15 மீட்டர் விட்டமுள்ள ஒரு உருண்டை. மேலே 318 கண்ணாடித் தகடுகள், லேசரைத் திருப்பி அனுப்ப 1436 பிரதிபலிப்பான்கள். தரையிலிருந்து லேசர் அடித்துத் தூரம் அளப்பதற்காக விட்டது. சுமார் 1490 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் நிழலுக்குச் சீக்கிரம் சிக்காது. விண்வெளி நிலையமெல்லாம் ஓய்ந்து, பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் தாண்டிய பிறகும் கிடைக்கிறது.

பைனாகுலரை ட்ரைபாடில் கட்டி, அது கடக்கப்போகும் இடத்தில் முன்கூட்டியே நிறுத்தி வைக்கிறேன். சுவாதிக்குப் பக்கத்தில் என்று கணக்கு சொன்னால், சுவாதியை ஓரத்தில் வைத்துக் காத்திருப்பது. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு சின்ன மின்னல். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. உருண்டை சுழல்வதால் ஒவ்வொரு கண்ணாடியாக நம் பக்கம் திரும்பி ஒரு கணம் வெயிலை வீசிவிட்டுப் போகிறது. நடுவில் அது எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. மின்னல்களை மனசுக்குள் கோடு போட்டு இணைத்துத்தான் பின்தொடர வேண்டியிருக்கிறது. உருண்டுகொண்டே போகும் பழைய ராக்கெட் பகுதிகளும் விட்டு விட்டு மின்னும், ஆனால் அவை நிதானமாக ஏறி இறங்கும். அஜிசாய் சுருக்கென்று வெட்டும்.

அடுத்து புவிநிலைச் செயற்கைக்கோள்கள், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பவை. 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் வீட்டு டிஷ் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அவை. சாதாரணமாகப் பைனாகுலருக்கும் எட்டாத மங்கல். சம இரவு நாள்களை ஒட்டிய வாரங்களில் மட்டும் சூரியத் தகடுகளில் வெயில் சரியான கோணத்தில் பட்டுச் சில நிமிடம் பிரகாசம் கூடும். கேமராவை அசைக்காமல் நிறுத்தி வைத்தால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடாக இழுபட, அவை மட்டும் புள்ளியாக நிற்கும். அதற்கு என் போன் பற்றாது. அண்ணாச்சி மகனிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் இருக்கிறது, புரட்டாசி முழுக்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மாடிக்கு வேலையில்லை. அதற்குள் ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும்.