மறுகாலுக்கு வழி விடுங்கள்

நேற்றைய மழையில் நாகர்கோவிலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து வீட்டுப் பாட்டி கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்துக்கொண்டே சொன்னார்: "இது மறுகால் ஓடை மக்களே, தண்ணீர் அதன் வழியில்தான் வரும்."

குளம் நிறைந்தால் மிகுநீர் வெளியேறும் வழிதான் மறுகால். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம்; மிச்சம் பழையாறு வழியாக மணக்குடியில் கடலுக்கு. அந்த வழியில்தான் இன்று மனைக்கல் நடுகிறோம். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியும் ஆனது; ஆனாலும் 2017இல் ஒக்கி புயல், 2021 நவம்பரில் வெள்ளம் என்று பட்டும் பாடம் படிக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போடுகிறார்கள். வீட்டு வாசற்படி பள்ளமாகிறது.

நகர வரைபடத்தில் முதலில் குளத்தையும் ஓடையையும் வரையுங்கள். சாலையும் மனையும் பிறகு.

மனு எழுதிவிட்டேன். தெருக்காரர்கள் மாலையில் கையெழுத்திட வாருங்கள்.