நான்கு தடவையும் ‘ஆம்’

2022 ஒக்டோபர் 21. இலங்கை அரசியலமைப்பின் இருபத்தோராவது திருத்தம் 179 வாக்குகளால் நிறைவேறிய மாலை, வாகனத்துக்காகக் காத்துநின்ற ஆளுந்தரப்பு உறுப்பினர் ஒருவரிடம் கேட்டேன்: “சேர், 2010இல் பதினெட்டுக்கு ஆம், 2015இல் பத்தொன்பதுக்கு ஆம், 2020இல் இருபதுக்கு ஆம், இன்றைக்கும் ஆம். இதில் எது உங்களுடைய வாக்கு?”

பதினெட்டும் இருபதும் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய திருத்தங்கள்; பத்தொன்பதும் இருபத்தொன்றும் குறைத்தவை. பத்திரிகையாளர் கலரியில் இருந்தபோதே யோசித்து வைத்த கேள்வி. நல்ல கேள்விதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. அன்றைய ஒழுங்குப் பத்திரத்தை (சபையின் நிகழ்ச்சி நிரல்) குழல்போலச் சுருட்டி உள்ளங்கையில் தட்டிக்கொண்டே, “மல்லி (தம்பி), நாலு தரமும் சனங்கள் கேட்டதைத்தான் கொடுத்தேன்” என்றார். “யுத்தத்தை முடித்தவருக்கு அதிகாரம் கொடு என்றார்கள், கொடுத்தேன். குறை என்றார்கள், குறைத்தேன். திரும்பக் கொடு என்றார்கள், கொடுத்தேன். இதை வீதியில் நிற்கிறவனிடம் போய்க் கேட்க உனக்குத் துணிவில்லை. அதனால் என்னிடம் கேட்கிறாய்.” வாகனம் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

செய்தி ஆசிரியர், “பெயர் போடாமல் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடு” என்றார். நான் போடவில்லை. பெயரில்லாமல் போட்டால் அது வெறும் நக்கல். பெயரோடு போடுவதென்றால், அவர் அதைச் செய்திக்காகத்தான் சொன்னாரா என்று நான் கேட்டிருக்கவில்லை. இவை நியாயமான காரணங்கள். ஆனால், போட்டிருந்தால் அந்தக் கடைசி வரியையும் போட்டிருக்க வேண்டும். அதுதான் உண்மையான தடையாக இருந்ததோ என்னவோ.

அவருக்குப் பதில் சொல்லும் வாதங்கள் என்னிடம் நிறைய இருந்தன, இருக்கின்றன. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவுக்கு 52.25 வீதம் வாக்குப் போட்டவர்களில் எத்தனை பேர், ஜனாதிபதியைப் பாராளுமன்றத்தை நாலரை வருடத்துக்குப் பதில் இரண்டரை வருடத்திலேயே கலைக்க விடுங்கள் என்று கேட்டார்கள்? எந்தச் சந்தியிலும் அப்படியொரு கோரிக்கையை நான் கேட்டதில்லை. ஒரு சட்டமூலம் வர்த்தமானியில் வரும், ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும், குறித்த நாட்களுக்குள் யாரும் உயர் நீதிமன்றம் போகலாம். அப்புறம் இரண்டாம் வாசிப்பு, பிரிவு பிரிவாகப் பார்க்கும் குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. குழுநிலையில் புதிதாக நுழையும் திருத்தங்களை வெளியே இருக்கிற ஒருவர் பார்ப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். சபாநாயகர் சான்றுரை வைத்துவிட்டால் எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்க முடியாது. அதனால் அந்தச் சில மணி நேரத்தில் சபைக்குள் இருக்கும் 225 பேரைவிட வேறு காவல் கிடையாது. பதினெட்டாவது திருத்தம் அவசர சட்டமூலமாக வந்து ஒரே நாளில் 161 வாக்குகளோடு போனது. ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற வரம்பு அன்றோடு இல்லாமல் போனது. அன்றைக்குச் சனங்களிடம் யார் கேட்டார்கள்?

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும், “கட்சி மாறி வாக்களித்தால் அடுத்த முறை வேட்புமனு யார் தருவது?” என்று கேட்டிருப்பார். அதுவும் பொய்யில்லை. அன்றைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன 1982இல் தன் உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்திருந்தார். இப்போது கடிதம் தேவைப்படுவதில்லை. கட்சி நீக்கினால் ஆசனமும் போகலாம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. எதிர்ப்பக்கமிருந்து அரசுப் பக்கம் தாவுகிறவர்களை மட்டும் அந்த விதி பெரும்பாலும் பிடிப்பதில்லை. அது வேறு கதை.

சரி, 2018ஐ எடுப்போம். அன்றைக்கு பாராளுமன்றம் ஒரு ஜனாதிபதியைத் தடுத்தது. மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்தார், பெரும்பான்மை கிடைக்காதபோது சபையையே கலைத்தார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நவம்பர் 14இல் புதிய பிரதமருக்கு எதிராக 122 பேர் கையொப்பமிட்ட நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து சபாநாயகரின் ஆசனத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க, சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸார் சூழ உள்ளே வந்தார். புத்தகங்கள் பறந்தன, கதிரை பறந்தது, மிளகாய்த் தூள் கலந்த தண்ணீரும் பறந்தது. என் ‘ஆம்’ உறுப்பினர் எதையும் வீசவில்லை. வீசியவர்களுக்குப் பின்னால் நின்று கூச்சல் போட்டார். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றபோது, அவர்கள் பிடித்துக்கொண்டது பத்தொன்பதாவது திருத்தத்தின் அந்த நாலரை வருட விதியை. அதற்கு 2015இல் இவரும்தான் வாக்களித்திருந்தார். தான் போட்ட பூட்டு தன் பக்கத்தையே தடுத்ததால், 2020இல் 156 பேரில் ஒருவராக அதைக் கழற்றினார். இருபத்தொன்றிலும் அந்த நாலரை வருடம் திரும்பி வரவில்லை. இரண்டரைதான்.

ஆக, நான் சரி. ஆனால் அந்த வீதிக் கேள்வி?

நம் வாசகர்கள் பலருக்கு இந்தத் திருத்தக் கணக்குகள் எதுவும் பெரிய விஷயமில்லை. 1983 ஓகஸ்டில் அதே சபை நிறைவேற்றிய, தனிநாடு கேட்பதைத் தடைசெய்த ஆறாவது திருத்தத்துக்குப் பிறகு தமிழ்ப் பிரதிநிதிகளின் ஆசனங்கள் காலியானதைப் பார்த்தவர்கள், ‘பாராளுமன்றம் காப்பாற்றும்’ என்று நான் எழுதினால் சிரிப்பார்கள். பாராளுமன்றத்தை நம்பாதவர்கள் கடைசியில் ஒரு பலமான ஆளைத் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். தேடுவது சிங்களவர்கள் மட்டும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த மாலைக்குச் சில மாதங்கள் கழித்து வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓட்டோக்காரத் தம்பியிடம் கேட்டேவிட்டேன். 2022 தட்டுப்பாட்டில் பெற்றோல் வரிசையில் இரவெல்லாம் வண்டிக்குள் படுத்தவர். “225 பேரும் கள்ளர் அண்ணன். முழு அதிகாரத்தோட ஒரு ஆள் இருந்தாத்தான் நாடு சரிவரும்” என்றார். அப்படி ஒரு ஆள் இருந்துதானே வரிசையில் படுத்தீர்கள் என்றேன். “அது ஆள் சரியில்ல” என்றார்.

பம்பலப்பிட்டி வரை குழுநிலை, மூன்றில் இரண்டு என்று விளக்கிக்கொண்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், 2020 தேர்தலில் மூன்று விருப்பு வாக்கையும் யாருக்குப் போட்டீர்கள் என்றேன்.

“மூணுல ஒண்டு, மகனுக்கு ஸ்கூல் எடுத்துத் தந்தவருக்கு.”

இருபதாவது திருத்தத்துக்கு அவர் எப்படி வாக்களித்தார் தெரியுமா என்று கேட்டேன். “அது எனக்கு எதுக்கு அண்ணன்?” என்றார்.